இருபத்தாறாம் எண் குளியலறைச் சீர்திருத்தம்

உலக நாகரிகத்துக்கு இங்கிலாந்து தேசம் வழங்கிய கொடைகள் பல. ரயில் வண்டி, கால்பந்து, பாராளுமன்றம் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். அவையெல்லாம் சில்லறைச் சமாச்சாரம். தலையாய கொடை ஒன்று உண்டு. அது, அண்டை வீட்டாருக்குச் சிரமம் கொடுக்காமல் வாழும் கலை. மற்ற தேசத்து மக்கள் கூப்பிடாமலே பக்கத்து வீட்டுக்குள் நுழைந்து, அடுப்பில் என்ன வேகிறது என்று மூடியைத் திறந்து பார்த்து, கல்யாணத்தில் மூக்கை நுழைத்துக் காலம் தள்ளுகிறார்கள். பாவம், அவர்கள் இன்னும் முன்னேற வேண்டும்.

வட இங்கிலாந்தில் ஸ்கெல்பி என்னும் ஊரின் சைக்கமோர் அவென்யூவில் அந்த அசிங்கமெல்லாம் கிடையாது. அங்கே வீடுகள் ஒரே சுவரை நடுவில் வைத்து இரண்டிரண்டாக ஒட்டிப் பிறந்தவை. அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். கேட்டாலும் கேட்காத மாதிரி டீயைக் குடிப்பதுதான் பண்பாடு.

இந்தப் பண்பாட்டின் சிகரத்தில் நின்றவர் இருபத்தாறாம் எண் வீட்டு ரோலன்ட் டின்ஸ்டேல். வயது ஐம்பத்திரண்டு. நகராட்சியில் "அறிவிப்புகள் மற்றும் பலகைகள்" பிரிவில் துணை அலுவலர். "புல்தரையில் நடக்காதீர்", "இந்தப் பாதை மூடப்பட்டுள்ளது, சிரமத்துக்கு வருந்துகிறோம்" முதலான அமர வாசகங்கள் அவர் கையால் பிறந்து, பிளாஸ்டிக் உறைக்குள் லேமினேட் ஆகி, ஊரெங்கும் விளக்குக் கம்பங்களில் தொங்கின. மழை பெய்தாலும் எழுத்து கரையாது. யாரும் படிக்காததால் தேயவும் தேயாது.

அவர் வீட்டுக் குளியலறை எழுபதுகளில் கட்டியது. தொட்டி, வாஷ்பேசின், கழிப்பறைப் பீங்கான் மூன்றும் ஒரே நிறம். அவகாடோ என்னும் வெண்ணெய்ப்பழம் கனிந்து நாலு நாளான பச்சை. சுவரில் கோதுமைக் கதிர் வரைந்த பழுப்பு டைல்ஸ். தரையில் சுவருக்குச் சுவர் கம்பளம். அந்தக் கம்பளத்தின் ஆதி நிறம் எது என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பேசினில் குழாய் இரண்டு. ஒன்றில் கை வெந்துபோகும், மற்றதில் விறைத்துப்போகும். இரண்டுக்கும் நடுவே கையைக் கொண்டுபோய்க் கொண்டுவருவதைத்தான் அங்கே முகம் கழுவுதல் என்பார்கள்.

ரோலன்டின் மனைவி ஹெதர். பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் உட்காருபவர். மூன்று வாரத்தில் அவருக்கு ஐம்பது வயது நிறைகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டு வந்தவர், ஈரத்தலையோடு சமையலறை வாசலில் நின்றார்.

"ரோலன்ட், பதினாலு வருஷமா அந்தப் பச்சையிலதான் உக்காந்து எந்திரிக்கிறேன். அம்பது வயசுலயும் அதே பச்சைதானா?"

"அதுல என்ன கொறைச்சல்? தண்ணி வருது, தண்ணி போகுது."

"பொறந்தநாள் விருந்துக்குத் தெருவே வரப்போகுது. ஒவ்வொருத்தரா மாடிக்குப் போவாங்க, பாப்பாங்க, கீழ வந்து 'அருமை'ம்பாங்க. அந்த 'அருமை'க்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா?"

ரோலன்ட் பிளம்பரிடம் விலை கேட்டார். நாலாயிரம் பவுண்டு என்றான். ரோலன்ட் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். பிறகு, தம் வாழ்க்கையை மாற்றிய அந்த வாக்கியத்தைச் சொன்னார்.

"நானே செஞ்சிடறேன். நானூறுக்குள்ள."

"நீயா? போன வருஷம் ஒரு அலமாரி மாட்டினியே, அது இன்னும் தரையிலதான் கெடக்கு."

"அது தரையில நிக்கிற அலமாரின்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டோம்ல?"

"இங்க பாரு, என் பொறந்தநாள் அன்னிக்குக் காலையில அந்த பாத்ரூம் முடிஞ்சிருக்கணும். இல்ல, விருந்தே வேண்டாம். எல்லாருக்கும் போன் பண்ணி உடம்பு சரியில்லன்னு சொல்லிட்டு, எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்."

அன்று மாலையே "குளியலறைச் சீர்திருத்தக் குழு" சமையலறை மேசையில் கூடியது. தலைவர் ரோலன்ட். உறுப்பினர் ஹெதர். இருவரும் வந்திருந்ததால் கூட்டம் செல்லும் என்று அறிவிக்கப்பட்டது. "பழையதை எடுப்பதில்லை, மேலே பூசுவது" என்னும் கொள்கைத் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. டைல்ஸுக்கு டைல்ஸ் பெயின்ட், தொட்டிக்குத் தொட்டி பெயின்ட், தரைக்கு ஒட்டும் பிளாஸ்டிக் விரிப்பு. புரட்சிகரமான அம்சம் ஒன்றுதான். இரண்டு குழாயை எடுத்துவிட்டு, சூடும் குளிரும் ஒரே வாயில் கலந்து வரும் ஒற்றைக் குழாய் வைப்பது. தேசமே ஒரு நூற்றாண்டாக யோசித்துக்கொண்டிருந்த சீர்திருத்தம் அது.

ஞானகுருவாக ஒரு வீடியோ அமைந்தது. அதில் தாடி வைத்த ஒரு வாலிபன் பத்தே நிமிடத்தில் இதையெல்லாம் செய்து முடித்து, பதினோராவது நிமிடம் தொட்டி ஓரத்தில் ஒரு செடியை வைத்துவிட்டுச் சிரித்தான். ரோலன்ட் அதை ஆறு தடவை பார்த்தார். ஆறாவது தடவையில் தாமே செய்து முடித்துவிட்டது போல அவருக்குக் களைப்பாக இருந்தது. மறுநாள் அந்தச் செடியை வாங்கி வந்தார். ஆக, பட்ஜெட்டில் முதல் செலவு செடி.

பெயின்ட் வேலையெல்லாம் மாலை மாலையாக நடந்தது. பழுப்பு டைல்ஸ் வெள்ளை டைல்ஸ் ஆயின; கோதுமைக் கதிர் மட்டும் வெள்ளைக்குள்ளிருந்து மங்கலாக எட்டிப் பார்த்தது. குழாய் மாற்றத்தான் தண்ணீரை நிறுத்த வேண்டும். சமையலறைப் பேசினுக்கு அடியிலிருந்த வால்வு, கட்டிய நாள் முதலாக யாரும் தொடாமல் துருவேறிக் கிடந்தது. ரோலன்ட் ஸ்பேனரால் ஒரு திருகு திருகினார். வால்வின் தலை கையோடு வந்தது, தண்ணீர் நிற்கவில்லை.

இனி, வெளியே நடைபாதையில் இரும்பு மூடிக்கு அடியில் இருக்கும் பெரிய வால்வுதான் கதி. அதைப் பற்றித் தண்ணீர் வாரியத்தின் துண்டுப் பிரசுரம் ஒன்று வீட்டில் இருந்தது. அதில் கொட்டை எழுத்தில் இப்படி: "உங்கள் இணைப்பு அடுத்த வீட்டுடன் பொதுவானது. இதை மூடினால் இரண்டு வீட்டுக்கும் தண்ணீர் நிற்கும். அடுத்த வீட்டாரிடம் முன்கூட்டியே நேரில் சொல்லவும்."

ரோலன்ட் பிரசுரத்தை மடித்து வைத்தார். அவருக்குத் தண்ணீர், வால்வு, துரு எதிலும் பயமில்லை. பயமெல்லாம் கடைசி வரியில்தான். அடுத்த வீடு என்றால் இருபத்தெட்டாம் எண். அங்கே இருப்பது எழுபது வயதைத் தொட்ட ஒரு அம்மாள். நேரில் போய்ச் சொல்ல வேண்டுமென்றால் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அந்தப் பெயர் ரோலன்டுக்குத் தெரியாது.

தெரியாது என்று சொல்வதுகூடச் சரியில்லை. பதினாலு வருஷத்துக்கு முன்னால், இவர்கள் குடிவந்த அன்று அந்த அம்மாள் எலுமிச்சை கேக்கோடு வந்து, கை குலுக்கி, பெயர் சொன்னார். ரோலன்ட் அப்போது கட்டில் படிக்கட்டில் சிக்கிக்கொண்ட கவலையில் இருந்தார். பெயர் ஒரு காதில் நுழைந்து மறு காதில் வெளியேறிவிட்டது. முதல் வருஷம் கேட்டிருக்கலாம். இரண்டாம் வருஷம் கொஞ்சம் அசட்டுச் சிரிப்போடு கேட்டிருக்கலாம். மூன்றாம் வருஷத்தோடு கேட்கும் தகுதி காலாவதியாகிவிட்டது. அதற்குப் பிறகு கேட்டால், இத்தனை நாள் தெரியாமலா சிரித்தாய் என்று ஆகிவிடாதா? அது அவருக்கு எவ்வளவு மனச்சிரமம்! அவர் மனம் நோகக்கூடாது என்ற ஒரே காரணத்துக்காகவே ரோலன்ட் அவர் பெயரைத் தெரிந்துகொள்ளாமல் இருந்தார். அந்த அம்மாளுக்கு வரும் பார்சலை இவர் வாங்கி வைக்க நேர்ந்தால், அடுத்தவர் முகவரியைப் படிப்பது அநாகரிகம் என்று கவிழ்த்தே வைத்து, கவிழ்த்தே கொடுப்பார். கிறிஸ்துமஸுக்கு அவர் அனுப்பும் அட்டையில் கையெழுத்து இருக்கும். அதை ரோலன்டும் ஹெதரும் பூதக்கண்ணாடி வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள். ஹெதர் 'ஜோன்' என்றார், ரோலன்ட் 'க்வென்' என்றார். ஆராய்ச்சி நிலுவையில் நின்றது. பதில் அட்டையில் "இருபத்தெட்டாம் எண் வீட்டார் அனைவருக்கும்" என்று எழுதுவார்கள்.

"நேராப் போய் சொல்லிட்டு வாயேன், அஞ்சு நிமிஷ வேலை" என்றார் ஹெதர்.

"போயி? என்னன்னு கூப்பிடறது?"

"'கண்ணு'ன்னு கூப்பிடு, இங்க வயசானவங்களையும் அப்படித்தானே கூப்பிடறோம். நான் பதினாலு வருஷமா அப்படித்தான் ஓட்டறேன்."

"நீ பொம்பள, உனக்குச் சரி. நான் போய்க் கதவைத் தட்டி, 'கண்ணு, உன் தண்ணிய நிறுத்தப்போறேன்'னா போலீஸ்தான் வரும்."

"அப்ப ஒரு கடுதாசி எழுதிப் போடு."

ரோலன்ட் காகிதம் எடுத்து "அன்புள்ள" என்று எழுதினார். முக்கால் மணி நேரம் கழித்தும் காகிதத்தில் "அன்புள்ள" மட்டுமே இருந்தது. பிறகு அவர் முகம் மலர்ந்தது. பெயரே தேவைப்படாத எழுத்து வடிவம் ஒன்று உலகில் உண்டு. அதில் அவர் விற்பன்னர்.

வெள்ளிக்கிழமை காலை சைக்கமோர் அவென்யூ விளக்குக் கம்பத்தில் ஓர் அறிவிப்பு தொங்கியது. "பொதுமக்கள் கவனத்துக்கு. அத்தியாவசியப் பணிகளின் பொருட்டு இன்று காலை 9 முதல் 11 வரை சில வீடுகளில் நீர் வழங்கல் நிறுத்திவைக்கப்படும். சிரமத்துக்கு வருந்துகிறோம்." லேமினேட் பளபளத்தது. விதிமுறைப்படி ஏழடி உயரத்தில், சாலையைப் பார்த்துக் கட்டப்பட்டிருந்தது. சாலையில் போகும் லாரி டிரைவர் யாருக்காவது அந்தத் தெருவில் தண்ணீர் தேவைப்பட்டிருந்தால், அவர் முன்கூட்டியே குடம் பிடித்து வைத்துக்கொண்டிருக்கலாம்.

ஒன்பது மணிக்கு ரோலன்ட் நடைபாதை வால்வை மூடினார். பத்து மணிக்குப் பழைய குழாய் இரண்டையும் ரம்பத்தால் அறுத்து எடுத்தார். பத்தரைக்குப் புதுக் குழாயை வைத்துப் பார்த்தார். அதன் திருகு மரை வேறு அளவு. கடைக்குப் போய் ஒரு இணைப்பு வாங்கி வந்தார். அது குழாய்க்குப் பொருந்தியது, பைப்புக்குப் பொருந்தவில்லை. பைப்புக்குப் பொருந்துவதை வாங்கி வந்தார். அது குழாயைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மணி பதினொன்று. நேர்மையான அலுவலர் என்பதால், கம்பத்துக்குப் போய் அறிவிப்பைக் கழற்றி, "11" என்பதை "மாலை 5" என்று திருத்தி, புதிதாக லேமினேட் செய்து மறுபடி கட்டினார். அன்று மாலை அது "ஞாயிறு வரை" ஆயிற்று. ஞாயிறன்று "மறு அறிவிப்பு வரை" ஆயிற்று. குழாய் வேலையில் இல்லாத முன்னேற்றம் அறிவிப்பு வேலையில் இருந்தது.

இடைப்பட்ட நாட்களில் டின்ஸ்டேல் தம்பதி நீச்சல் குளத்துக்குப் போய்க் குளித்தார்கள். ஹெதர் ஆஸ்பத்திரியிலிருந்து கேன் கேனாகத் தண்ணீர் கொண்டுவந்தார். காரில் வைத்தால் பத்து நிமிடம், ஒரு சிரமமும் இல்லை.

செவ்வாய்க்கிழமை ரோலன்ட் வாசலில் நின்று குழாயின் மரைக்குக் கசிவைத் தடுக்கும் டெஃப்லான் டேப் சுற்றிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் கடையிலிருந்து சக்கரக் கூடையை இழுத்துக்கொண்டு வந்தார். கூடை நிறையத் தண்ணீர் பாட்டில்கள். பத்தடிக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினார். ரோலன்ட் தலை குனிந்து பார்த்தார், தப்பிக்க முடியவில்லை.

"குட் மார்னிங்..." என்று சொல்லி, பெயர் வரவேண்டிய இடத்தில் ரோலன்ட் இருமினார். பதினாலு வருஷமாக அந்த இடத்தில் இருமி வருகிறார். அவருக்கு மார்ச்சளி என்று அந்த அம்மாள் நினைத்திருக்கக்கூடும்.

"குட் மார்னிங், ரோலன்ட். இருமல் இன்னும் போகலியா?"

"அது கெடக்குதுங்க. இன்னிக்கு வெயில் நல்லா இருக்கு."

"ஆமா. சாயங்காலம் மழை வரும்போல இருக்கு."

"வரலாம், வரலாம். வராமயும் போகலாம்." ரோலன்ட் டேப்பை இன்னொரு சுற்று சுற்றினார். "கொஞ்சம் வேலை நடக்குது பாருங்க, சத்தம் கித்தம் வரும். உங்களுக்குத் தொந்தரவா இருந்தா ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"சேச்சே, தொந்தரவெல்லாம் ஒண்ணுமில்ல. வேலையைப் பாருங்க."

அந்த அம்மாள் கூடையை வாசற்படியில் ஏற்றினார். இரண்டு தடவை ஏறவில்லை, மூன்றாவது தடவை ஏறியது. உதவிக்குப் போனால் அவரால் முடியாது என்று சொன்னதாக ஆகிவிடும் என்பதால் ரோலன்ட் கண்ணியமாகக் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பக்கத்து வீட்டம்மா மினரல் வாட்டர் வாங்கிட்டுப் போறாங்க. உடம்பை நல்லாப் பாத்துக்கிறாங்க" என்று மாலையில் ஹெதரிடம் சொன்னார்.

ஹெதர் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். "ரோலன்ட், அவங்க வீட்டுல தண்ணி இல்ல! நாமதான் நிறுத்தியிருக்கோம்!"

"இல்லன்னா சொல்லமாட்டாங்களா? காலையிலதான் வாயைத் தொறந்து கேட்டேன், தொந்தரவு ஒண்ணுமில்லன்னாங்க. அவங்க வீட்டுக்காரர் வேற பெரிய கைகாரர். கூரையிலேயே ஏறி வேலை செஞ்சத நான் பாத்திருக்கேன். எதாவது ஏற்பாடு பண்ணியிருப்பாரு."

"எனக்கு மனசு கேக்கல. போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டு வா."

"நீ போயேன்."

ஹெதர் கதவு வரைக்கும் போனார். கைப்பிடியில் கை வைத்தார். பிறகு திரும்பி வந்தார். "மன்னிப்புக் கேக்கறப்ப 'கண்ணு'ன்னு ஆரம்பிக்க முடியாது ரோலன்ட். பேரு வேணும்" என்றார். ஹெதர் நல்ல பெண்மணி. அதை யாரும் மறுக்க முடியாது.

கடைசியில் குழு கூடி ஒரு பரிகாரம் கண்டது. சனிக்கிழமை விருந்துக்கு அந்த அம்மாளையும் அழைப்பது. பூப்போட்ட அட்டையில் "இருபத்தெட்டாம் எண் வீட்டார் அனைவருக்கும்" என்று எழுதி, அவர்கள் வீட்டுக் கதவின் தபால் துவாரத்தில் சத்தம் கேட்காமல் நுழைத்துவிட்டு, ரோலன்ட் பூனைபோல் திரும்பி வந்தார்.

சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குக் குழாய் பொருந்தியது. எப்படிப் பொருந்தியது என்பது ரோலன்டுக்கே விளங்கவில்லை. அதனால் அதைத் திறமை என்று வைத்துக்கொண்டார். ஓடிப்போய் நடைபாதை வால்வை முழுக்கத் திறந்தார். பேசினுக்கு அடியில் ஒரு ஊற்று புறப்பட்டது. ஓடிவந்து வால்வைக் கால்வாசியாகக் குறைத்தார். ஊற்று நின்றது. புதுக் குழாயில் நூல்போலத் தண்ணீர் வந்தது. அது ஒரு வீட்டுக்குப் போதுமான தண்ணீர்.

"அந்தப் பக்கம் போகுமா?" என்று ஹெதர் மாடியிலிருந்து கேட்டார்.

"போகணும்னு இருந்தா போகும்" என்றார் ரோலன்ட். விளக்குக் கம்பத்து அறிவிப்பைக் கழற்றிவிட்டார். அத்துடன் அரசுமுறைப்படி நீர் வழங்கல் சீரடைந்துவிட்டது.

தொட்டிக்கு அவர் பூசிய வெள்ளைப் பெயின்டின் டப்பாவில், நாற்பத்தெட்டு மணி நேரம் காயவிடவும் என்று எழுதியிருந்தது. பூசி இருபது மணி நேரம் ஆகியிருந்தது. விருந்துக்கு வருகிறவர்கள் தொட்டியைப் பார்க்கத்தானே போகிறார்கள் என்று அதன் ஓரத்தில் செடியை வைத்தார்.

நாலு மணிக்குத் தெரு வந்தது. கையில் ஒயின், முகத்தில் புன்னகை. இரண்டிரண்டு பேராக ரோலன்ட் மாடிக்கு அழைத்துப் போனார். "இதுதான் ஒற்றைக் குழாய்" என்று திறந்து காட்டினார். எல்லோரும் விரல் நீட்டி அந்த நூலைத் தொட்டுப் பார்த்தார்கள். வெதுவெதுப்பாக இருந்தது. "அருமை" என்றார்கள். எதிர்வீட்டு மால்கம், "நானூறு பவுண்டுலயா? நம்பவே முடியலப்பா" என்று கோதுமைக் கதிரைத் தடவிப் பார்த்தார். ஹெதர் புதுச் சட்டையில் பூரித்து நின்றார். அந்த "அருமை"களில் ஒன்றிரண்டு நிஜமானவை என்று அவருக்குப் பட்டது.

ஐந்து மணிக்கு அந்த அம்மாள் வந்தார். ஹெதருக்கு ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொடுத்து வாழ்த்தினார். தோளில் ஒரு பெரிய துணிப்பை. தனியாகத்தான் வந்திருந்தார். வழக்கமாக அணியும் சென்ட்டைவிடக் கொஞ்சம் அதிகமாகவே அணிந்திருந்தார்.

"நான் மாடிக்குப் போய் பாத்ரூமைப் பாக்கலாமா, ஹெதர்?"

"தாராளமாப் போங்க கண்ணு! அதுக்குத்தானே கூப்பிட்டோம்!"

அந்த அம்மாள் மாடியேறினார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. பிறகு தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம், நூலாக, நிதானமாக, நிற்காமல்.

பத்து நிமிடம் போயிற்று. "ரசிச்சுப் பாக்கிறாங்க" என்றார் ரோலன்ட் பெருமையாக. இருபது நிமிடம் போயிற்று. அந்த வீட்டில் கழிப்பறை ஒன்றுதான். ஒயினோ தாராளமாகப் புழங்கியிருந்தது. படிக்கட்டில் ஒருவர் பின் ஒருவராக ஒரு வரிசை உருவாயிற்று. வரிசையில் நிற்பது அத்தேசத்தின் மற்றொரு கொடை.

நாற்பதாவது நிமிடத்தில், முதல் ஆளாக நின்ற மால்கம் ஒரு காலை மறு காலோடு பின்னிக்கொண்டார். "உள்ள யாருப்பா?"

"பக்கத்து வீட்டம்மா" என்றார் ரோலன்ட்.

"பேரைச் சொல்லித் தட்டுப்பா. அவசரம்."

"நீ தட்டேன்."

"எனக்கெப்படித் தெரியும் பேரு? நான் எதிர்வீடு. நீதானே பக்கத்து வீடு?"

"நீ என்னைவிட ஆறு வருஷம் முன்னாடியே குடிவந்தவன் ஆச்சே!"

"அதனாலதான் இப்ப கேக்க முடியல!"

வரிசை முழுக்க ஒரு விசாரணை நடந்தது. முப்பத்தொன்றாம் எண் தெரியாது என்றது. இருபத்திரண்டாம் எண் 'எம்' என்ற எழுத்தில் தொடங்கும் என்று ஊகித்தது. பதினாறாம் எண், தாம் இருபது வருஷமாக அவரை 'அந்த நல்ல அம்மா' என்றே குறிப்பிட்டு வருவதாகவும், அதில் இதுவரை குழப்பம் நேர்ந்ததில்லை என்றும் தெரிவித்தது. பெயர் தெரியாமல் கதவைத் தட்டுவது மரியாதையில்லை என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. மால்கம் வரிசையை விட்டு விலகி, தோட்டத்துப் புதர்ப்பக்கம் ஓடினார்.

கடைசியில் ஹெதர்தான் கதவருகே போனார். "கண்ணு, உள்ள எல்லாம் சரியா இருக்கா?"

"சரியா இருக்கும்மா. தலைக்கு ஊத்திக்கிட்டிருக்கேன். இதோ வந்துட்டேன்."

படிக்கட்டில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஐம்பத்தைந்தாவது நிமிடத்தில் தாழ்ப்பாள் விலகியது. அந்த அம்மாள் வேறு உடையில், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கன்னம் சிவக்க வெளியே வந்தார். அவருக்குப் பின்னால் தொட்டி தெரிந்தது. நடுவில், ஒருவர் உட்கார்ந்த அளவுக்கு, வெண்ணெய்ப்பழப் பச்சை பளிச்சென்று திரும்பி வந்திருந்தது.

"ரோலன்ட், மன்னிக்கணும். உங்க வெள்ளை கொஞ்சம் என்னோட வந்துடுச்சு" என்று முழங்கையில் ஒட்டியிருந்ததைக் காட்டினார். "ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டேன். ஒம்பது நாள் ஆச்சு பாருங்க, குளிச்சு. ஈரத்துணியால துடைச்சுத் துடைச்சு என்ன இருந்தாலும் குளிச்ச மாதிரி ஆகுமா?"

ரோலன்டின் காது மடல் சிவந்தது. "ஐயையோ, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க!"

"நீங்க மும்முரமா வேலை பாத்துக்கிட்டிருந்தீங்க. கம்பத்துல அறிவிப்பு வேற போட்டிருந்தீங்க. வருந்தறதா எழுதியிருந்துச்சு. அதுக்கு மேல போய் உங்களைத் தொந்தரவு பண்றது நல்லா இருக்குமா?"

படிக்கட்டில் இருந்த பதினோரு பேரும் கோப்பைக்குள் பார்த்தார்கள். இந்த மௌனத்தை எதையாவது போட்டு மூடியாக வேண்டும் என்று ரோலன்டுக்குத் தோன்றியது. கையில் அகப்பட்டதைப் போட்டார்.

"இல்ல... உங்க வீட்டுக்காரராவது வந்து ஒரு சத்தம் போட்டிருக்கலாம். அவரு கைகாரராச்சே. இன்னிக்கு அவரையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே?"

அந்த அம்மாள் துண்டின் நுனியை எடுத்துக் காதோரம் துடைத்துக்கொண்டார். கோபப்பட்டதாகத் தெரியவில்லை.

"அவரு போய்ச் சேர்ந்து ரெண்டு வருஷமாகுது, ரோலன்ட். மார்ச் மாசம். அன்னிக்குப் பெட்டியை ஏத்த வந்த வண்டி ரொம்ப நீளம், எங்க வாசல்ல நிக்க எடமில்ல. நீங்கதான் செருப்பைக்கூட மாட்டாம ஓடிவந்து உங்க காரை நகர்த்திக் குடுத்தீங்க. டிரைவர்கூட உங்களுக்குக் கையாட்டினாரே. நான் அப்பவே வந்து நன்றி சொல்லியிருக்கணும், விட்டுப்போச்சு. அது எனக்குப் பெரிய உதவி."

ரோலன்டுக்குப் பூ அலங்காரத்தோடு நின்ற அந்தக் கறுப்பு வண்டி ஞாபகம் வந்தது. திரும்பி வந்து, "பக்கத்துல யாரோ கல்யாணத்துக்குப் பொறப்படறாங்க போல" என்று ஹெதரிடம் சொன்னதும் ஞாபகம் வந்தது. அவர் வாய் திறந்தது. அந்த அம்மாளின் பெயர் வரவேண்டிய இடத்தில் இம்முறை இருமல்கூட வரவில்லை. ஆனாலும் பதினாலு வருஷப் பயிற்சி கைவிடுமா? நாக்கு தானாகவே புரண்டு, அத்தேசத்தார் நன்றிக்குச் சொல்லும் பதிலைப் பிசகாமல் சொல்லியது.

"அதனாலென்னங்க. அதுல ஒரு சிரமமும் இல்ல."

அது சத்தியமான வார்த்தை. அந்த அம்மாளுக்காக அந்தத் தெருவில் யாரும், எந்த நாளும், எந்தச் சிரமமும் பட்டதில்லை.